கடல் ஆட்டமும் கப்பல் சரக்கும்: மூன்று கேள்விகளுக்கு ஒரு விரிவான பதில்

வந்த கேள்வி இது: "300 மீட்டருக்கு மேல் நீளமுள்ள கன்டெய்னர் கப்பல்கூட மோசமான கடலில் பக்கவாட்டில் ஆடி, நூற்றுக்கணக்கான பெட்டிகளைக் கொட்டிவிடுகிறது. இவ்வளவு பெரிய கப்பல் எப்படி அப்படி ஆடும்? அலைக்கு நேராக மூக்கைத் திருப்பி நின்றால் பக்கவாட்டு ஆட்டம் வராது என்கிறார்களே, அது உண்மையா? சரக்கைக் கட்டித்தானே அனுப்புகிறார்கள், பிறகு ஏன் விழுகிறது?"

நான் சரக்குக் கப்பல்களில் சீஃப் ஆபீசராக இருந்தவன். எந்தச் சரக்கை எங்கே, எவ்வளவு வைப்பது என்று கணக்குப் போடுவதுதான் அந்த வேலையின் பெரும்பகுதி. அதனால் பதிலை அலையிலிருந்து தொடங்காமல் சரக்கிலிருந்து தொடங்குகிறேன். கப்பல் எந்த வேகத்தில் ஆட வேண்டும் என்பது துறைமுகத்தில் சரக்கு ஏறும்போதே முக்கால்வாசி முடிவாகிவிடுகிறது.

கப்பல் ஒரு பக்கம் சாய்ந்தால் தண்ணீர் அதை நிமிர்த்தப் பார்க்கும். அந்த நிமிர்த்தும் பலத்துக்கு நாங்கள் வைத்திருக்கும் அளவு ஜி.எம்., மீட்டரில் சொல்வோம். எடை கீழே இருந்தால் ஜி.எம். கூடும், மேலே இருந்தால் குறையும். ஜி.எம். அதிகமுள்ள கப்பலை 'ஸ்டிஃப்' என்போம். சாய்த்தால் வெடுக்கென்று நிமிர்ந்து, அதே வேகத்தில் மறுபக்கம் போகும். குறைவாக உள்ளது 'டெண்டர்'. மெதுவாகச் சாய்ந்து, யோசித்து யோசித்து எழும். ஒரு பக்கம் சாய்ந்து, மறுபக்கம் போய், தொடங்கிய இடத்துக்கே திரும்ப ஆகும் நேரத்துக்கு ஒரு எளிய கணக்கு உண்டு: கப்பலின் அகலத்தை மீட்டரில் எடுத்து 0.8-ஆல் பெருக்கி, ஜி.எம்.மின் வர்க்கமூலத்தால் வகுக்க வேண்டும். 32 மீட்டர் அகலக் கப்பலுக்கு ஜி.எம். 6 மீட்டர் என்றால் ஒரு ஆட்டம் பத்தரை நொடி. அதே கப்பலுக்கு ஜி.எம். 1.5 மீட்டர் என்றால் 21 நொடி.

பலர் இங்கே ஒரு தவறு செய்கிறார்கள். நிமிர்த்தும் பலம் கூடக்கூட நல்லது என்று நினைத்துவிடுகிறார்கள். கவிழாமல் இருக்க அது நல்லதுதான். சரக்குக்கும் ஆட்களுக்கும் அது தண்டனை.

ஒரு பல்க் கப்பலில் (பெட்டி இல்லாமல் சரக்கை நேரடியாகக் கிடங்கில் ஏற்றும் கப்பல்) எஃகுச் சுருள்கள் ஏற்றிப் போனோம். எடை முழுவதும் கிடங்கின் அடித்தளத்தில், மேலே வெறும் காற்று. வெளிக்கடலில் பெரிய புயல்கூட இல்லை, பக்கவாட்டில் ஸ்வெல், அதாவது தொலைவிலிருந்து உருண்டு வரும் நீண்ட அலை, அது மட்டும்தான். பத்து நொடிக்கு ஒரு ஆட்டம் என்று நான்கு நாள் ஓடியது. ஒவ்வொரு முனையிலும் கப்பல் நிற்காது, உதறும். படுக்கையில் மெத்தையின் ஒரு ஓரத்துக்கு அடியில் லைஃப் ஜாக்கெட்டைச் செருகி, மெத்தைக்கும் சுவருக்கும் நடுவே உடம்பை இடுக்கிக்கொண்டுதான் தூங்க முடிந்தது. ஆட்டம் குறைந்த ஒரு மதியம் கிடங்குக்குள் இறங்கிப் பார்த்தேன். சுருள்களுக்கு அடியில் கொடுத்திருந்த மர ஆப்புகளில் சில நாராகக் கிழிந்திருந்தன. வரிசையை இறுக்கிப் பூட்டும் நடுச் சுருள் கையளவு இடைவெளியில் அங்குமிங்கும் அசைந்துகொண்டிருந்தது. இருபது டன் எடை, ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஒரு 'டக்'. அந்தச் சத்தத்தை இன்றும் என்னால் எண்ண முடியும். அது இன்னும் கொஞ்சம் தளர்ந்திருந்தால் கப்பலின் பக்கத் தகட்டைத்தான் போய் இடித்திருக்கும்.

சரி, ஆட்டம் எப்படிப் பெருகுகிறது? ஊஞ்சலை நினைத்துக்கொள்ளுங்கள். ஊஞ்சல் திரும்பி வரும் ஒவ்வொரு முறையும் சரியான கணத்தில் லேசாகத் தள்ளினால் போதும், உயரமாகப் போய்விடும். கப்பலின் சொந்த ஆட்ட நேரமும், அலைகள் வந்து மோதும் இடைவெளியும் ஒன்றாகிவிட்டால் அதுதான் நடக்கும். அலை பிரமாண்டமாக இருக்க வேண்டியதில்லை, தாளம் பொருந்தினால் போதும். இதை வில்லியம் ஃப்ரூட் என்ற பொறியாளர் 1861-லேயே கணித முறையில் விளக்கினார். கப்பலின் அடிவளைவில் இரு பக்கமும் மீன் துடுப்பு போல நீளமாகப் பொருத்தும் பில்ஜ் கீல் எவ்வளவு தூரம் ஆட்டத்தை அடக்கும் என்று சோதித்துப் பார்த்தவரும் அவரே.

மோதும் இடைவெளி என்று சொன்னது முக்கியம். அது அலையின் சொந்த இடைவெளி அல்ல. கப்பல் அலையை எதிர்த்துப் போனால் அலைகள் சீக்கிரம் சீக்கிரம் வரும், அலையோடு சேர்ந்து போனால் தாமதமாக வரும். ஆகவே வேகத்தையோ திசையையோ மாற்றினால் தாளம் மாறிவிடும். கேப்டனின் கையில் இருக்கும் பெரிய ஆயுதம் இதுதான். தவறாகப் பிடித்தால் அது அவர் மேலேயே திரும்பும்.

இப்போது இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். அலைக்கு நேராக மூக்கை வைப்பது காலம்காலமாகச் சொல்லிக்கொடுத்த பாடம். பழைய கப்பல்களுக்கு அது பெரும்பாலும் சரியாகவே இருந்தது. இன்றைய கன்டெய்னர் கப்பலின் உடலைப் பாருங்கள்: தண்ணீருக்கு அடியில் ஒடுங்கிய முன்பக்கம், மேலே போகப்போகப் பூ விரிந்தது போல அகலும். பின்பக்கமும் தட்டையாக, அகலமாக வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். தளத்தில் நிறையப் பெட்டி அடுக்கவும், கீழே நீர்த்தடை குறைவாக இருக்கவும் செய்த வடிவம் அது.

கப்பலின் நீளமும் அலையின் நீளமும் ஏறக்குறைய ஒன்றாக இருக்கும்போது என்ன ஆகிறது? அலையின் முகடு கப்பலின் நடுவே வந்தால் முன்னும் பின்னும் உள்ள அகலமான பகுதிகள் தண்ணீரை விட்டு வெளியே வந்துவிடும். கப்பல் தண்ணீரைப் பற்றியிருக்கும் பரப்பு சுருங்கும், நிமிர்த்தும் பலம் சட்டென்று குறையும். அடுத்து பள்ளம் நடுவே வந்தால் முன்னும் பின்னும் தண்ணீருக்குள் அமிழும். பரப்பு விரியும், பலம் கூடும். ஒவ்வொரு அலைக்கும் இப்படி ஒரு ஏற்ற இறக்கம்.

ஊஞ்சலில் நின்றுகொண்டு ஆடியவர்களுக்கு இது எளிதில் புரியும். யாரும் தள்ளாமலே, சரியான கணத்தில் உட்கார்ந்து எழுந்தே ஆட்டத்தைப் பெருக்க முடியுமல்லவா? ஒரு முழு ஆட்டத்துக்கு இரண்டு முறை உட்கார்ந்து எழ வேண்டும். கப்பலும் அதையே செய்கிறது. சாய்ந்த நிலையிலிருந்து நிமிரும்போது பலம் அதிகமாக இருந்தால் வேகமாக நடுவுக்கு வரும். நடுவைத் தாண்டும்போது பலம் குறைந்திருந்தால் தடுப்பாரின்றி மறுபக்கம் இன்னும் தூரம் போகும். ஒரு ஆட்டத்துக்கு இரண்டு அலை என்ற கணக்கு அமைந்துவிட்டால், அலை நேராக மூக்கில் வந்து மோதினாலும் கப்பல் பக்கவாட்டில் ஆடத் தொடங்கும். இதன் பெயர் பாராமெட்ரிக் ரோலிங். அச்சமூட்டும் விஷயம் இதன் வேகம். ஐந்து டிகிரிக்குள் அமைதியாக ஆடிக்கொண்டிருந்த கப்பல், சில ஆட்டங்களிலேயே முப்பதைத் தாண்டிவிடும்.

எண்களை வைத்துப் பார்த்தால் இன்னும் தெளிவாகும். ஆழ்கடலில் 14 நொடி இடைவெளியுள்ள அலை ஏறக்குறைய 306 மீட்டர் நீளம், நொடிக்கு 22 மீட்டர் வேகத்தில் ஓடும். 300 மீட்டர் கப்பல் ஒன்று அதை நேராக எதிர்த்து 16 நாட் (ஒரு நாட் என்பது மணிக்கு ஒரு கடல் மைல்) வேகத்தில் போனால் பத்து நொடிக்கு ஒரு அலை மோதும். கப்பலின் சொந்த ஆட்டம் 25 நொடி என்றால் தாளம் பொருந்தாது, பிழைத்தோம். இப்போது கடல் மோசமாகிறது. மூக்கு பலமாக மோதுகிறது, கேப்டன் வேகத்தை 5 நாட்டுக்குக் குறைக்கிறார். எவரும் செய்யக்கூடியதுதான். ஆனால் மோதும் இடைவெளி பன்னிரண்டரை நொடியாகிவிடும். இரண்டு அலைக்கு 25 நொடி. நல்ல எண்ணத்தில் செய்த காரியம் கப்பலைக் கொண்டுபோய்ப் பொறிக்குள் விட்டுவிட்டது.

1998 அக்டோபரில் ஏபிஎல் சைனா என்ற கப்பலுக்கு வட பசிபிக்கில் நடந்தது ஏறக்குறைய இதுதான். தைவானின் காவ்ஸியுங்கிலிருந்து அமெரிக்காவின் சியாட்டிலுக்குப் போய்க்கொண்டிருந்தது. புயலில் வேகம் குறைத்து, அலைக்கு முகம் கொடுத்தே நின்றார்கள். கப்பல் 35 முதல் 40 டிகிரி வரை ஆடியது. சுமார் 400 பெட்டிகள் கடலில் போயின, கிட்டத்தட்ட அதே அளவு தளத்திலேயே நொறுங்கின. எதிர் அலையில் இப்படி நடக்கும் என்பதைத் துறை முழுவதும் கவனிக்க வைத்தது அந்தச் சம்பவமும் அதன் பின் நடந்த ஆய்வும்தான். என் கருத்தில், கேப்டன்களுக்குத் தரும் பயிற்சி அந்தப் பாடத்தை இன்னும் முழுதாக எட்டவில்லை. "வேகத்தைக் குறை, மூக்கைக் கொடு" என்ற பழைய பழக்கம் கையோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது.

பின்னாலிருந்து வரும் அலையிலும் இதே ஆட்டம் வரலாம். அங்கே கூடுதலாக, கப்பல் ஒரே முகட்டின் மேல் நெடுநேரம் உட்கார்ந்துவிட்டு, நிமிர்த்தும் பலமே இல்லாமல் சாயும் ஆபத்தும் உண்டு. சிறிய, வேகமான கப்பல்களை அலை தூக்கிக்கொண்டு ஓடி, குறுக்கே திருப்பிப் போட்டுவிடும்.

ஆட்டத்தின் அளவை மனதில் பிடிக்க ஒன்று சொல்கிறேன். 50 மீட்டர் அகலமுள்ள கப்பல் 30 டிகிரி சாய்ந்தால் ஒரு ஓரம் 12 மீட்டருக்கு மேல் கீழே இறங்கும், மறு ஓரம் அதே அளவு மேலே ஏறும். நாலு மாடி இறக்கம், அப்புறம் உடனே நாலு மாடி ஏற்றம்.

இப்போது பெட்டிகள். கப்பல் ஆடும் அச்சிலிருந்து 25 மீட்டர் உயரத்தில் 25 டன் பெட்டி ஒன்று இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 30 டிகிரி, 25 நொடி ஆட்டத்தில் அதைப் பக்கவாட்டில் இழுக்கும் விசை அதன் எடையில் ஏறக்குறைய 58 சதவீதம், அதாவது பதினான்கரை டன். ஸ்டிஃப்பான கப்பலில் 14 நொடி ஆட்டம் என்றால் வெறும் 20 டிகிரி சாய்விலேயே 52 சதவீதம் வந்துவிடும். "20 டிகிரிதானே" என்று சாய்வை மட்டும் பார்ப்பவர்கள் ஏமாறுவது இங்கேதான்.

தளத்தில் எட்டு, ஒன்பது அடுக்கு பெட்டிகள் நிற்கும். கட்டும் கம்பிகள் எல்லா அடுக்கையும் எட்டாது. கீழ் அடுக்குகளைத்தான் லாஷிங் ராடும் (கட்டும் இரும்புக் கம்பி) டர்ன்பக்கிளும் (அதை இறுக்கும் திருகு) பிடித்திருக்கும். பெரிய கப்பல்களில் அதற்கென்று உயரமான இரும்பு மேடை வைத்து இன்னும் ஓரிரு அடுக்கு மேலே எட்ட வைத்திருக்கிறார்கள். அதற்கும் மேலே இருப்பவற்றை ஒன்றோடொன்று பிணைப்பது நாலு மூலையிலும் உள்ள ட்விஸ்ட் லாக் மட்டும். உள்ளங்கையில் வைத்துத் தூக்கும் அளவு இரும்பு. மேலே உள்ளவற்றின் விசையெல்லாம் கூடி அடிப்பெட்டியின் மேல் இறங்கும்போது, அதன் சட்டம் நெளிந்து சாய்சதுரமாகும், அல்லது ஒரு மூலைத்தூண் நசுங்கும். ஒரு வரிசை சாய்ந்தால் பக்கத்து வரிசையின் மேல் விழும். சீட்டுக்கட்டு மாதிரி அடுத்தடுத்துப் போகும். பத்து வரிசையில் ஒன்பதைச் சரியாகக் கட்டியிருந்தாலும் பத்தாவது அந்த ஒன்பதையும் இழுத்துக்கொண்டு போய்விடலாம்.

ஒரு பயணத்தில் மோசமான வானிலை முன்னறிவிப்பு வந்ததும், தளத்தில் நடந்து ஒவ்வொன்றாகக் கையால் தட்டிப் பார்த்தேன். இறுக்கமான ராடு மணி போல ஒலிக்கும், தளர்ந்தது செத்த சத்தம் போடும். மூன்றாவது வரிசையில் ஒரு டர்ன்பக்கிளின் பூட்டு நட்டு இரண்டு விரலால் சுற்றும் அளவு தளர்ந்திருந்தது. மேலே ஒரு ட்விஸ்ட் லாக்கின் கம்பி வெளியே இழுத்தபடியே நின்றது. பூட்டிக்கொள்ளவே இல்லை என்று அர்த்தம். துறைமுகத்தில் கட்டி முடித்ததாகக் கையெழுத்து வாங்கிப் போயிருந்தார்கள், நானும் அவசரத்தில் போட்டிருந்தேன். அதன் பிறகு நடந்து பார்க்காமல் ஒரு கையெழுத்தும் நான் போட்டதில்லை.

கட்டு சரியாக இருந்தாலும் எடை பொய்யாக இருந்தால் பயனில்லை. கனமானது கீழே, லேசானது மேலே என்று அடுக்குவது அனுப்புபவர் சொல்லும் எடையை நம்பித்தான். பத்து டன் என்று சொல்லி இருபது டன்னை உச்சியில் ஏற்றினால் கணக்கு முழுவதும் குலைந்துவிடும். 2016 ஜூலை 1 முதல் ஒவ்வொரு பெட்டியின் எடையையும் சரிபார்த்துச் சொன்னால்தான் ஏற்ற முடியும் என்று சோலாஸ் என்ற சர்வதேசக் கடல் பாதுகாப்பு உடன்படிக்கையில் கட்டாயமாக்கினார்கள். பெட்டிக்குள் இருப்பதையும் கவனிக்க வேண்டும். 12 மீட்டருக்கு மேல் அலை எழக்கூடிய கடல்களுக்கு, உள்ளே இருக்கும் சரக்கை அதன் எடையில் 80 சதவீதப் பக்கவாட்டு விசையைத் தாங்கும்படி கட்ட வேண்டும் என்கிறது சர்வதேச நெறிமுறை. கதவைச் சாத்தினால் யார் பார்க்கப்போகிறார்கள் என்று விட்டுவிட்ட ஒரு இயந்திரம் சுவரைப் பிளந்துகொண்டு வந்தால், அந்த அடுக்கே போய்விடும்.

2020 நவம்பர் 30 அன்று ஹவாய்க்கு வடமேற்கே சுமார் 1,600 கடல் மைல் தொலைவில் ஒன் ஏபஸ் என்ற கப்பல் 1,816 பெட்டிகளை இழந்தது. சீனாவின் யான்டியனிலிருந்து அமெரிக்காவின் லாங் பீச்சுக்குப் போகவேண்டிய கப்பல், திரும்பி ஜப்பானின் கோபேக்குப் போனது. அடுத்த மாதங்களில் மெர்ஸ்க் எஸ்ஸன் சுமார் 690 பெட்டிகளையும், மெர்ஸ்க் ஐந்தோவன் 260 பெட்டிகளையும் அதே பசிபிக்கில் இழந்தன. ஐந்தோவனில் கடும் கடலின் நடுவே எஞ்சின் நின்றுவிட்டது. எஞ்சின் போனால் திசையைப் பிடிக்க முடியாது, கப்பல் தானாக அலைக்குக் குறுக்கே திரும்பிவிடும்.

ஆழ்கடல்தான் ஆபத்து என்றும் இல்லை. 2019 ஜனவரியில் எம்எஸ்சி ஸோயி என்ற கப்பல் நெதர்லாந்தின் வாடன் தீவுகளுக்கு வடக்கே, ஆழம் குறைந்த கடலில் 342 பெட்டிகளைக் கொட்டியது. பொம்மைகளும் பிளாஸ்டிக் மணிகளும் தீவுக் கரைகளில் ஒதுங்கின. சுமார் 395 மீட்டர் நீளம், 59 மீட்டர் அகலம் கொண்ட கப்பல் அது. அகலம் கூடினால் ஜி.எம். தானாகவே கூடிவிடும். 59 மீட்டர் அகலக் கப்பலுக்கு 9 மீட்டர் ஜி.எம். என்று வைத்தால் ஒரு ஆட்டம் 16 நொடிக்குள். கப்பல்கள் பெரிதாகப் பெரிதாக இப்படி ஸ்டிஃப்பாகி, கடுமையான புயல் அலைகளின் தாளத்துக்கு நெருங்கி வருகின்றன.

பெட்டிகள் விழுந்தால் செய்தியாகிறது. கப்பலையே முடித்துவிடும் சரக்கு வேறு ஒன்று: ஈரமான தாது. நிக்கல் தாதும், ஈரம் மிகுந்த பாக்சைட்டும் (அலுமினியத் தாது) ஏற்றும்போது கெட்டியான மண் போலத்தான் இருக்கும், மேலே நடக்கலாம். நாள்கணக்காக ஆட்டமும் அதிர்வும் அதைக் குலுக்கும்போது துகள்கள் நெருங்கி, இடையில் இருந்த நீர் வெளியேற வழியின்றி அழுத்தம் ஏறும். திடீரென்று கிடங்கு முழுவதும் சேறாகிவிடும், அல்லது மேலே சேற்றுக்குளம் ஒன்று தேங்கும். கப்பல் சாயும்போது அது ஒரு பக்கம் ஓடும். கப்பல் நிமிரும்போது திரும்பி வராது. அடுத்த ஆட்டத்தில் இன்னும் கொஞ்சம் போகும். 2015 ஜனவரி 2 அன்று மலேசியாவின் குவாந்தானிலிருந்து 46,400 டன் பாக்சைட்டோடு புறப்பட்டிருந்த பல்க் ஜூபிட்டர் வியட்நாமுக்கு அப்பால் மூழ்கியது. 19 பேரில் ஒருவர்தான் பிழைத்தார். 2017 அக்டோபரில் நிக்கல் தாது ஏற்றிய எமரால்ட் ஸ்டார் பிலிப்பைன்ஸ் அருகே மூழ்கி, 10 இந்தியக் கடலோடிகள் திரும்பவில்லை.

இதற்கு ஒரு எளிய சோதனை இருக்கிறது. ஒரு டப்பாவில் பாதி தாதை நிரப்பி, கெட்டியான தரையில் 20 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து 25 முறை தட்ட வேண்டும். மேலே ஈரம் மினுங்கினால் ஏற்றக் கூடாது, ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். மினுங்கவில்லை என்பதற்காக பயமில்லை என்றும் சொல்லிவிட முடியாது. தாளில் ஈரம் குறைவு என்று எழுதிக்கொடுத்துவிட்டு "சீக்கிரம் ஏற்றுங்கள்" என்று அவசரப்படுத்துவோர் எல்லா இடத்திலும் உண்டு. இளம் அதிகாரிகளுக்கு நான் மனதாரச் சொல்வது: அந்த டப்பாவை நீங்களே தட்டுங்கள், மழை பெய்தால் மறுபடி தட்டுங்கள்.

கடலில் சிக்கிக்கொண்டால் என்ன செய்வது? சர்வதேசக் கடல்சார் அமைப்பு 2007-ல் கேப்டன்களுக்கு வெளியிட்ட வழிகாட்டல், எந்தெந்தத் திசையும் வேகமும் சேர்ந்தால் ஆபத்து என்று கணக்கோடு சொல்கிறது. பெரிய கப்பல்கள் பலவற்றில் அதைப் படமாகக் காட்டும் மென்பொருளும் இருக்கிறது. எதுவும் இல்லையென்றாலும் ஒரு அடையாளம் உண்டு. மூக்கு இரண்டு முறை இறங்கி எழும் நேரத்தில் கப்பல் ஒரு முறை பக்கவாட்டில் ஆடினால், அலை கண்ணுக்குத் தெரியாத நள்ளிரவிலும் சந்தேகப்பட வேண்டும். ஆட்டம் சிறிதாக இருக்கும்போதே திசையையும் வேகத்தையும் சேர்த்து மாற்ற வேண்டும். முப்பது டிகிரிக்குப் போன பிறகு யோசிக்க நேரம் இருக்காது. பயணிகள் கப்பலில் ஆட்டத்தை அடக்க இருக்கும் இறக்கை போன்ற ஃபின்கள் வேகம் இருந்தால்தான் வேலை செய்யும். மெதுவாகப் போகும்போது அவற்றால் பெரிய உதவி இல்லை. ஆட்டத்தின் நடுவே பேலஸ்ட் தொட்டியை (கப்பலை நிலைப்படுத்தக் கடல்நீர் நிரப்பும் தொட்டி) நிரப்பிச் சரிசெய்ய நினைப்பதும் விபரீதம்தான். பாதி நிரம்பிய தொட்டியில் தண்ணீர் அங்குமிங்கும் ஓடி, இருக்கும் ஜி.எம்.மையும் தின்றுவிடும்.

உலகம் முழுவதும் 2023-ல் 221 பெட்டிகளும் 2024-ல் 576 பெட்டிகளும் கடலில் போனதாக உலகக் கப்பல் போக்குவரத்து மன்றத்தின் கணக்கு. கோடிக்கணக்கில் போகும் பெட்டிகளில் இது துளி. மிதக்கும் ஒரு பெட்டியில் மோதும் மீன்பிடிப் படகுக்கு அது துளி அல்ல. 2026 ஜனவரி 1 முதல் பெட்டி விழுந்தால் உடனே அறிவிக்க வேண்டும் என்பது சோலாஸ் விதி. இது எப்போதோ வந்திருக்க வேண்டியது.

கட்டித்தானே அனுப்புகிறார்கள் என்று கேட்டீர்கள். கட்டுகிறார்கள், குறிப்பிட்ட ஜி.எம்.முக்கும் குறிப்பிட்ட ஆட்டத்துக்கும் கணக்குப் பார்த்துக் கட்டுகிறார்கள். அந்தக் கணக்கு உண்மைதானா என்று அறிய என்னிடம் இருந்தது ஒரு ஸ்டாப் வாட்ச். துறைமுகத்தை விட்டு வெளியே வந்து முதல் ஸ்வெல் தொட்டதும் பத்து ஆட்டத்துக்கு நேரம் எடுத்து, பத்தால் வகுப்பேன். 32 மீட்டர் அகலமுள்ள ஒரு கன்டெய்னர் கப்பலில் கணினி 17 நொடி என்றது, கடிகாரம் 21 என்றது. மூன்று முறை எடுத்தேன், 21-தான். 2.3 மீட்டர் இருக்க வேண்டிய ஜி.எம். உண்மையில் 1.5 மீட்டர். தாளில் இல்லாத எடை எங்கோ உச்சியில் உட்கார்ந்திருந்தது. கேப்டனை எழுப்பினேன். கரையோரத்து அமைதியான தண்ணீரிலேயே வேகம் குறைத்து, அடித்தள பேலஸ்ட் தொட்டிகள் இரண்டை ஒவ்வொன்றாக விளிம்பு வரை நிரப்பினோம், விடிய நாலு மணி ஆயிற்று. அப்புறம் மறுபடி பத்து ஆட்டம் எண்ணினேன். பதினெட்டு நொடி வந்தது. அதற்குப் பிறகுதான் கப்பலை வெளிக்கடலுக்குத் திருப்பினார்.